காலிமாட்டி: ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் பரங்கிப்பேட்டைக்காரன். மெக்கானிக்கல் படித்துவிட்டு இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறேன். ரயில் நிலையங்களின் பழைய பெயர்கள் பற்றி நீங்கள் எழுதியிருந்ததில், டாடாநகர் நிலையத்துக்கு முன்பு காலிமாட்டி என்று பெயர் என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஜாம்ஷெட்பூர் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வெறும் காடாகக் கிடந்த இடத்தில் ஒரு தனி மனிதரின் கனவு நகரமாகியிருக்கிறது. தெருக்களை அகலமாகப் போடு, நிழல் தரும் மரங்களை நடு, பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் இடம் விடு, கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் இடம் ஒதுக்கு என்று ஜாம்ஷெட்ஜி டாடா மகனுக்கு எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இந்தியர்கள் செய்யும் தண்டவாளத்தைத் தின்று காட்டுகிறேன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கதையையும் ரசித்தேன்.

எங்கள் ஊரில் 1830-லேயே இரும்பாலை இருந்திருக்கிறது. அதாவது ஜாம்ஷெட்பூருக்கு 80 வருடம் முன்னால். பிறகு ஏன் எங்கள் ஊர் ஒரு ஜாம்ஷெட்பூர் ஆகவில்லை? எங்களுக்கு ஒரு ஜாம்ஷெட்ஜி கிடைக்காததுதான் காரணமா? இன்றைக்கும் ஊர்களை அரசாங்கத்திடம் விடாமல் ஒரு நல்ல கம்பெனியிடம் கொடுத்தால் உருப்படும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன? இது பற்றிப் படிக்க நூல்களும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கா.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் என் அப்பாயியின் டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். வீடு மாற்றப் போகிறோம், எதைக் கொண்டுபோவது எதை விடுவது என்ற வேலை. பெட்டியின் அடியில் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. நீளவாக்கில் தைத்தது, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. முதல் பக்கத்தில் தமிழில் "காலிமாட்டி" என்று எழுதி வருடம் 1923 என்று போட்டிருக்கிறார். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1919 ஜனவரி 2 அன்று, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு வந்து அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்டேஷன் பெயரும் டாடாநகர் ஆகியிருந்தது. ஆனாலும் தாத்தா கை பழைய பெயரைத்தான் எழுதியிருக்கிறது. அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால்தான் பதில் இவ்வளவு நீளம்.

முதலில் உங்கள் ஊர்க் கதையை முடித்துவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் அதற்குத்தான் சட்டென்று பதில் சொல்ல முடியும். பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். சாதாரண ஆள் இல்லை. இரும்பைப் பற்றி அவருக்கு இருந்த பைத்தியம் ஜாம்ஷெட்ஜிக்கு இருந்ததற்குக் குறைந்ததும் இல்லை. ஆக, கனவு காண ஆள் இல்லாமல் உங்கள் ஊர் கெட்டுப்போகவில்லை. கெட்டது கரியினால். அவருடைய உலை மரக்கரியில் எரிந்தது. சேலம் பக்கத்துக் கனிமம் ஆற்று வழியாகக் கடற்கரைக்கு வரவேண்டும், கரிக்குக் காடு காடாக வெட்டவேண்டும். வெட்ட வெட்டக் காடு தூரம் போகும், தூரம் போகப் போகக் கரியின் விலை ஏறும். செய்த இரும்புக்குப் பக்கத்தில் சந்தை இல்லை, அதைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டும். அங்கேயோ நிலக்கரி உலைகள் இரும்பை மலிவாகக் கொட்டிக்கொண்டிருந்தன. 1870-களுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கி, ஷெஃபீல்டு உருக்குக்காரர்கள் அதை ஏய்த்துப் பிழைக்க, வழக்காடியே தேய்ந்து 1851-ல் செத்துப்போனார். பாவம் அந்த மனிதர். உங்கள் ஊரில் அவருக்கு ஒரு கல் நட்டாலும் தப்பில்லை.

பிற்பாடு ஜாம்ஷெட்பூர் ஆன சாக்சியில் இதெல்லாம் வேறு மாதிரி அமைந்தது. கோருமகிசானி மலையில் கனிமம், ஜரியாவில் நிலக்கரி, சுவர்ணரேகா, கர்காய் என்று இரண்டு ஆற்றுத் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் பெங்கால்–நாக்பூர் ரயில் பாதை, ஏறக்குறைய 150 மைலில் கல்கத்தாத் துறைமுகம். இத்தனையும் ஒரே இடத்தில் கூடிவர, அதைத் தேடி அலைய ஆட்களும் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பொறியாளர் பெரினும் புவியியலாளர் வெல்டும் காடு மலை ஏறி இறங்கினார்கள். புவியியல் துறையிலிருந்து ஓய்வுபெற்று மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் வேலை பார்த்த பிரமத நாத போஸ் 1904 பிப்ரவரியில் ஒரு கடிதம் போட்டார். எங்கள் சமஸ்தானத்தில் நல்ல கனிமம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. சாக்சிக்கு உண்மையில் வழிகாட்டிய கடிதம் அதுதான். உங்களைக் கண்கலங்க வைத்த கடிதம் 1902-ல் எழுதப்பட்டது. அப்போது அந்த ஊருக்கு இடமே கிடையாது, எந்த மாகாணம் என்றுகூட முடிவாகவில்லை. ஜாம்ஷெட்ஜி 1904 மே மாதம் ஜெர்மனியில் இறந்தார். டாடா இரும்பு உருக்குக் கம்பெனி பதிவானது 1907 ஆகஸ்டில். சுதேசி வேகத்தில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் மூன்றே வாரத்தில் 2 கோடியே 32 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்கள். 1911 டிசம்பரில் முதல் வார்ப்பிரும்பு, 1912 பிப்ரவரியில் முதல் உருக்கு. சாக்சி மண்ணில் அந்தப் பெரியவர் ஒரு நாளும் நின்றதில்லை. அவரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிலாளிக்கு நிழல் வேண்டும் என்று 1902-ல் யோசித்த முதலாளி இந்தியாவில் எத்தனை பேர்? அந்தக் கடிதத்துக்காக நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் கடிதத்தில் ஊர் முளைக்காது தம்பி.

தண்டவாளத்தைத் தின்ற கதையை விடுங்கள். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். நூல் பட்டியலும் இப்போது வேண்டாம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். "வெறும் காடாகக் கிடந்த இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தையை எத்தனை பேர் எழுதி நான் படித்திருப்பேன்! நீங்கள் பரங்கிப்பேட்டைக்காரர். பரங்கியர் வந்ததால் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் சொன்ன போர்ட்டோ நோவோ என்பதற்குப் "புதிய துறைமுகம்" என்று பொருள். மரைக்காயர்கள் மஹ்மூத் பந்தர் என்றார்கள். ஒரே கரைக்கு மூன்று பெயர், மூன்று கூட்டம். ஊர்ப் பெயர் என்பது அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்லும் சாட்சி என்று உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நீங்கள் போய் "வெறும் காடு" என்று எழுதலாமா?

1987-ல் நான் ஒரே ஒரு முறை ஜாம்ஷெட்பூர் போனேன். உறவில் ஒரு கல்யாணம். ஆட்டோவில் ஊர் சுற்றும்போது ஓட்டியவர் ஒவ்வொரு பகுதியாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பாரிடீஹ், பெல்டீஹ், தாத்கிடீஹ். என்ன எல்லாம் டீஹ், டீஹ் என்றே முடிகிறது என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "டீஹ் என்றால் ஊர் அம்மா, ஜனங்கள் வீடு கட்டி இருந்த மேடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்தில் குடி, பட்டி, பாடி என்று முடிகிற மாதிரிதான். காரைக்குடிக்காரர் ஒருவரிடம் போய், உங்கள் ஊர் ஆளே இல்லாத பொட்டல் என்று சொன்னால், பெயரிலேயே குடி இருக்கிறதே ஐயா என்றுதானே கேட்பார்? பாரிடீஹில் ஊர் இருந்தது. பெல்டீஹில் ஊர் இருந்தது. சாக்சியே ஒரு கிராமத்தின் பெயர்தான். காலிமாட்டி என்றால் கரிய மண். கரிசல் என்று நாம் சொல்கிறோமே, அப்படி மண்ணைத் தொட்டு, பிசைந்து, நிறம் பார்த்து வைத்த பெயர். உழுகிறவன் வைக்கும் பெயர் அது. ஆளில்லாத காட்டில் மண்ணுக்கு யார் பெயர் வைப்பார்கள்? பாலுபாசா என்று ஒரு பகுதி இருக்கிறது. கரடி குடியிருக்கும் இடம் என்று பொருள். சரி, அங்கே கரடிதான் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது கரடி இருக்கும் பக்கம், இந்தப் பக்கம் நாம் என்று பிரித்துச் சொல்லவும் ஒரு மனுஷன் வேண்டும் இல்லையா?

சந்தாலிகள், ஹோக்கள், பூமிஜ்கள் என்ற பழங்குடிகள் இருந்த பூமி அது. நிலம் எடுப்புச் சட்டத்தின்படி முதல் சுற்றிலேயே 3,500 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். காலியாகக் கிடந்த காட்டை எடுக்க அந்தச் சட்டம் எதற்கு? சர்க்கார் கெஜட்டிலேயே கிராமம் கிராமமாகப் பெயர் போட்டு எடுத்த இடத்தைத்தான் நாம் காடு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சோட்டா நாக்பூர் மேட்டில் அசுரர் என்றே ஒரு பழங்குடி உண்டு. தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கியவர்கள். மண் உலை, தோல் துருத்தி, காலால் மிதிக்கிற மிதி. பெரினும் வெல்டும் கப்பலில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த மலையில் இரும்பு ஒழுகியது. உங்கள் ஹீத் சேலத்துக்குப் போனதும் அங்கே ஏற்கெனவே இரும்பு உருக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான். எங்கெல்லாம் பெரிய உலை எழும்பியதோ அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன உலை அணைந்திருக்கும். இதை நான் மேடைகளில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். உங்கள் வயதுப் பிள்ளைகள் மறுபடியும் "வெறும் காடு" என்று எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாயியைப் பற்றிச் சொல்கிறேன், அப்போது என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரியும்.

தாத்தா லால்குடிப் பக்கம். பள்ளிக்கூடப் படிப்பும் கொஞ்சம் இங்கிலீசும் உண்டு. கரக்பூர் ரயில்வேயில் இருந்த ஒரு மாமன் வழியாக அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். கம்பெனி வேலை இல்லை. மண் வெட்டவும் கல் சுமக்கவும் ஆள் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதும் குமாஸ்தா. அப்பாயிக்கு அப்போது 15 வயது. கல்யாணமான மறு வருடம் மூன்று ரயில் மாறி அழைத்துப் போனார். கம்பெனி எல்லைக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்க வழி இல்லாததால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஜுக்சலாயில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். ஜுக்சலாய் கம்பெனி நிலத்துக்கு வெளியே கடைக்காரர்களாலும் வந்தேறிகளாலும் தானாக வளர்ந்த பஜார். திட்டத்தில் வராத ஊர்.

அப்பாயிக்கு அங்கே இருந்த பதினைந்து வருடமும் பயமும் அதிசயமுமாக மனதில் பதிந்திருந்தது. ராத்திரியில் ஆலைக் கசடைக் கொட்டும்போது வானம் முழுக்கச் செக்கச் செவேல் என்று ஆகும். முதல் நாள் அதைப் பார்த்து ஊர் தீப்பிடித்துவிட்டது என்று அலறி, தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாளாம். அப்புறம் பழகிப்போய், அந்த வெளிச்சத்தில்தான் ராத்திரி அரிசி களைவாளாம். ஆலைச் சங்கு ஊதினால் உலை வைப்பாள். லால்குடிக்குத் திரும்பி வந்து முப்பது வருடம் ஆன பிறகும் மத்தியானம் இரண்டு மணிக்குத் தலையைத் தூக்கி, ஏதோ சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் குழாய் கிடையாது. கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு பெண் வருவாள். பகலில் ஆலைப் பக்கம் மண் சுமக்கும் ரேஜா. மண்ணும் கல்லும் சுமக்கும் பெண்களை அங்கே ரேஜா என்றுதான் சொல்வார்கள். காலையும் மாலையும் அப்பாயிக்குத் தண்ணீர். முதல் நாள் அவள் குடத்தை இறக்கி வைத்து, அதைக் காட்டி "தா" என்றாளாம். காசு கேட்கிறாள் என்று அப்பாயி காலணா எடுத்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை. மறுபடியும் குடத்தைக் காட்டி "தா, தா" என்றாள். அப்பாயி அரிசி எடுத்து நீட்டினாள். அதையும் வாங்காமல், குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அப்பாயி கையில் விட்டு "தா" என்றாள். அவர்கள் பாஷையில் தண்ணீருக்குப் பெயரே தா. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாயி தன் வலது கையை விரித்துப் பார்ப்பாள். இன்னும் அந்த ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

அந்தப் பெண்ணை அப்பாயி "புதங்கிழமை" என்றுதான் குறிப்பிடுவாள். அந்த ஜனங்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். திங்களில் பிறந்தால் சோம்பாரி, புதனில் பிறந்தால் புத்னி, வெள்ளி என்றால் சுக்குர்மணி. அப்பாயிக்கு அது வாயில் நுழையாமலோ, அல்லது பொருள் தெரிந்துவிட்டபிறகு நம் வார்த்தையில் கூப்பிடுவதே நெருக்கம் என்று தோன்றியோ, புதங்கிழமை ஆக்கிவிட்டாள். ஒரு வசந்த காலத்தில் அவள் சால் மரப்பூவைத் தலையில் செருகிக்கொண்டு வந்து அப்பாயிக்கும் ஒரு கொத்து வைத்துவிட்டாளாம். பாஹா, பூத் திருநாள். அப்போது அப்பாயி மாசமாக இருந்தாள். என் அப்பா வயிற்றில்.

இரண்டு பேரும் சாயங்காலங்களில் திண்ணையில் உட்காருவார்கள். தால்மா மலை தூரத்தில் தெரியும். புதங்கிழமை கையை நீட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வாள். இந்த ஓடைக்கு ஒரு பெயர், அந்த மேட்டுக்கு ஒரு பெயர், இரண்டு ஆறும் சேரும் இடம் தோமுகானி, அதாவது இரண்டு வாய். தாத்தாவுக்கு அந்த ஊரில் தெரிந்ததெல்லாம் இன்ன ரோடு, இன்ன நம்பர் கேட், இன்ன ஷெட். அப்பாயிக்கோ அது பூராவும் பெயர் சூழ்ந்த ஊராக இருந்தது. எழுத்துத் தெரியாதவள். அதனால் ஒன்றையும் குறித்துவைக்கவில்லை. வயசான காலத்தில் நான் கேட்டபோது ஏழெட்டுப் பெயர் சொன்னாள். நான் அப்போது கல்லூரி மாணவி, எனக்கும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. தோமுகானி தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தத் தப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது தாத்தாவின் நோட்டு. கூலிக் கணக்கு. 1923 ஆகஸ்ட் பக்கத்தில் வரிசையாகப் பெயர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒரே பக்கத்தில் 11 புத்னி. பிரித்துத் தெரிய ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண். அந்தப் பதினொன்றில் ஒன்று அப்பாயி கையில் தண்ணீர் விட்டவளாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. ஊர் பெயர் எழுதவில்லை, தகப்பன் பெயர் எழுதவில்லை. என் தாத்தா நல்ல மனிதர், எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து.

இந்தப் பெண்கள் சுமந்த மண்ணின் மேல்தான் நீங்கள் படித்த நகரம் நிற்கிறது. அவர்கள் மட்டுமில்லை. ஆரம்ப வருடங்களில் ஊது உலையில் அமெரிக்கர்கள், உருக்காலையில் ஜெர்மானியர்கள், உருட்டாலையில் இங்கிலீஷ்காரர்கள். தச்சுவேலைக்குச் சீனர்கள். 1914-ல் சண்டை வந்ததும் ஜெர்மானியர்களைச் சிறைவைத்தார்கள். மற்றபடி பஞ்சாபி, வங்காளி, தெலுங்கர், மதராஸி என்று எல்லா பாஷையும் அந்தப் பஜாரில் கேட்கும். சண்டைக் காலத்தில் மெசபடோமியாவுக்கெல்லாம் தண்டவாளம் போனது. ஆலை பெருத்தது, ஊர் வீங்கியது. 1911 கணக்கெடுப்பில் 5,672 பேர். 1921-ல் 57,360 பேர். பத்தே வருடத்தில் பத்து மடங்கு! எந்தத் திட்டம் இதற்கு ஈடு கொடுக்கும்? கென்னடி–சாலின் கம்பெனி முதல் வரைபடம் போட்டது. 1919 வாக்கில் டெம்பிள் என்ற பொறியாளர் வந்து இரண்டாவது போட்டார். 1940-களில் ஜெர்மானியரான கோனிக்ஸ்பெர்கர் வந்து இன்னொன்று போட்டார். வரைபடம் வரைந்து மை காயும் முன்னே ஜனங்கள் வந்து மண் சுவர் எழுப்பி உட்கார்ந்துவிடுவார்கள். அகலத் தெருவும் புல்வெளியும் உண்மைதான், நானே நடந்திருக்கிறேன், அழகான தெருக்கள். ஆனால் அந்த ஆரம்ப காலத்தில் பெரும்பாலான தொழிலாளிகள் படுத்தெழுந்தது பஸ்தி என்ற குடிசைப் பகுதிகளில். கடிதத்தில் வந்த ஊரும் ஜனங்கள் இருந்த ஊரும் அக்கம்பக்கமாக வளர்ந்தன. நீங்கள் படித்ததெல்லாம் முதல் ஊரைப் பற்றி மட்டும்தான்.

கம்பெனியிடம் ஊரைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நல்லதைச் சொல்லத் தயங்கமாட்டேன். 1912-லேயே எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய வருடத்துச் சட்டம் துணி ஆலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றுதான் வரம்பு கட்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய காரியம்! 1915-ல் இலவச வைத்தியம். 1924-ல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஜாம்ஷெட்ஜியின் மகன் தோராப்ஜி டாடா தன் சொத்தையும் மனைவியின் வைரத்தையும் அடகு வைத்துச் சம்பளம் கொடுக்க வழி செய்தார். இதையெல்லாம் மறுப்பது அதர்மம்.

ஆனால் தம்பி, தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1920 பிப்ரவரியில் பெரிய வேலைநிறுத்தம். யுத்தத்தால் விலைவாசி ஏறிவிட்டது, கூலி ஏறவில்லை. மார்ச்சில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சேமநல நிதி எந்த வருடம்? அதே 1920. சம்பளத்தோடு விடுப்பு? 1920. விபத்துக்கு நஷ்டஈடு? அதுவும் 1920. பிறகு 1928-ல் மாதக்கணக்கில் நீண்ட போராட்டம், சுபாஷ் சந்திர போஸ் வந்து நின்றது அப்போதுதான். பேறுகால உதவி எந்த வருடம்? 1928. கொடுத்தவர்கள் மனசு வைத்துக் கொடுத்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்டவர்கள் ரத்தம் சிந்திக் கேட்டார்கள் என்பதையும் நீங்கள் சேர்த்து எழுதவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி அதைக் கொடை என்று சொல்லாதீர்கள். ஊரை யாரிடமும் "கொடுக்க" முடியாது. அதில் இருக்கிறவர்கள் கேட்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், நிர்வாகம் கம்பெனியானாலும் சர்க்காரானாலும். இதற்கு மேல் இந்த விஷயத்தில் என்னிடம் விவாதம் இல்லை.

அப்பாயி 1936-ல் திரும்பி வந்தாள். கிளம்பும் அன்று புதங்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு சின்ன மண் சட்டியில் தண்ணீர் கொடுத்தாளாம், வழிக்கு. கரக்பூர் தாண்டும் வரை அப்பாயி அதைக் குடிக்காமல் மடியில் வைத்திருந்தாள். பாத்திரம் சிந்தித் தாத்தா கோபித்துக்கொண்டார் என்று சொல்வாள். அப்புறம் அவர்கள் சந்திக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் கடிதமா போட முடியும்?

நீங்கள் படித்த பிள்ளை, மனசும் நல்ல மனசு. இல்லாவிட்டால் நிழல் மரத்துக்காகக் கண் கலங்காது. அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வெள்ளாற்றங்கரைப் பக்கம் போங்கள். ஹீத்தின் உலை எங்கே இருந்தது, கரி எங்கே கொட்டினார்கள், சேலத்திலிருந்து வந்த கல் எந்தத் துறையில் இறங்கியது என்று விசாரியுங்கள். ஆபீஸ் ரெக்கார்டில் தேடுவது அப்புறம். முதலில் மீன் விற்கிற ஆச்சிகள், கரையில் வலை உலர்த்துகிறவர்கள், பள்ளிவாசல் தெருவில் எண்பது தாண்டிய பாட்டிமார்கள், இவர்களிடம் போய் உட்காருங்கள். அந்த இடங்களுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்கிறபடியே, திருத்தாமல், அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். சொன்னவரின் பெயரையும் சேர்த்து. எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அம்மா